முப்பது லட்சம் இருமல்

ஹசிப் ஒரு தடவை இருமினால் நாடு முப்பது லட்சம் தடவை இருமியதாகக் கணக்கு. அவர் கேட்டு வாங்கிய பதவி இல்லை இது. யசெனிக் ஊர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர் அவர். அதிக உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை. சம்பளமும் அப்படித்தான். அரசியல் பேச்சு வந்தால் எல்லாக் கட்சியையும் சமமாகத் திட்டுவார், தேர்தல் அன்று முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போடுவார். செருப்புக் கடையில் எந்த அளவு முதலில் தீர்ந்து போகிறதோ, அதுதான் அவர் கால் அளவு. இப்படி எதிலும் நடுவில் இருப்பதற்காக அவர் மனைவி நசிஹா முப்பது வருஷமாக அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். அதற்காகவே ஒருநாள் தலைநகர் சரயேவோவிலிருந்து கார் வரும் என்று அவளும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

காரை அனுப்பியது காற்றுச் சேதக் கணிப்புக் கழகம். அழுக்குக் காற்றால் உங்கள் நாடு வருஷத்துக்கு எவ்வளவு இழக்கிறது என்று கடன் கொடுக்கும் வெளிநாட்டார் கேட்டிருந்தார்கள். தொகையைச் சொன்னால் அதைக் குறைப்பதற்கு உதவி தருவார்களாம். தொகையைக் கண்டுபிடிக்கத்தான் கழகம். எங்கள் போஸ்னியாவில் எதற்கும் மூன்று தலைவர்கள் வேண்டும். போஸ்னியாக் எனப்படும் முஸ்லிம்களுக்கு ஒருவர், செர்பியருக்கு ஒருவர், குரோஷியருக்கு ஒருவர். ஆகவே கழகத்துக்கு ஷெவ்கெட், ஸ்லாவ்கோ, வின்கோ என்று மூன்று டைரக்டர்கள். மூன்று மேஜை, மூன்று கார், மூன்று பேருக்கும் தனித்தனிக் காபி இயந்திரம் என்று வாங்கி முடித்தபோது, ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரே ஓர் ஆளைப் பரிசோதிக்கிற அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. எல்லாவற்றிலும் சராசரியான ஆளாகக் கிடைத்தால் ஒருவரே போதும் என்று செயலாளர் மிரெலா ஒரு யோசனை சொன்னாள். மூன்று டைரக்டர்களும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. இதையும் மறுத்திருப்பார்கள். அதற்குள் விடுமுறை வந்துவிட்டது, மூவரும் கடலோரம் போய்விட்டார்கள். யோசனை அமலுக்கு வந்தது.

ஹசிபைக் கூட்டிப்போகக் காரில் வந்த மிரெலாவுக்கு நசிஹா காபி கொடுத்தாள். கொடுக்கும்போதே இருமினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை இருமினாள். வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலை மூடியதிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறாள், குளிர்காலம் முழுவதும் நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்தில்.

"இந்த வீட்டுல ஒழுங்கா இருமுறது நான்தான். இவரு இருமுறதெல்லாம் ஒரு இருமலா? என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்," என்றாள்.

மிரெலா சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைத்துக் கடித்தாள். "அக்கா, நீங்க சராசரிக்கு மேல இருமுறீங்க. உங்களைச் சேத்தா கணக்கு கெட்டுப்போயிடும்."

"அப்போ நான் இந்த நாட்டுல சேத்தி இல்லையா?"

"நாட்டுல இருக்கீங்க அக்கா. கணக்குலதான் இல்லை."

நசிஹா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஹசிபுக்கு மஃப்ளரைச் சுற்றிவிட்டு, "போயிட்டு வா, முப்பது லட்சம். வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா," என்று அனுப்பிவைத்தாள்.

கழகத்தில் அவரைக் குழாயில் ஊதச் சொன்னார்கள், படி ஏறச் சொன்னார்கள். எத்தனை நாள் இருமலால் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நடுவாந்தரமான விடைகள் கிடைத்தன. ஆராய்ச்சியாளர்களுக்கு ரொம்பத் திருப்தி. கடைசியாக அவரைப் பெரிய மண்டபத்தில் மூன்று டைரக்டர்களுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஸ்லாவ்கோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "உங்க இருமலுக்கு என்ன காரணம்னு நீங்க நினைக்கிறீங்க?"

ஹசிப் நேர்மையான மனிதர். கேட்ட கேள்வியை யோசித்தார். அவர் ஊரில் ஒரு மின்நிலையம் உண்டு. அதன் புகைபோக்கியின் கீழ்ப்பாதியை அவர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கலாம். மேல்பாதியை நவம்பர் பிறந்தால் யாரும் பார்த்ததில்லை. பனி விழும்போதே சாம்பல் நிறம். வெள்ளைத் துணியை வெளியே காயப் போடுகிறவர்களை ஊரில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். ஆனால் இதெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, புகை இருக்கிறது. ஊரையே ஒரு காரணமாகச் சொல்ல முடியுமா? அவருடைய டிக்கெட் கவுண்டரில் பயணிகள் பேசுவதற்கு ஒரு ஓட்டை உண்டு. முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு, அது சரியாகச் சாத்தாது. இருபது வருஷமாக அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

"குறுக்குக்காத்துங்க ஐயா," என்றார்.

எங்கள் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எதிரெதிரே ஒரு ஜன்னலும் ஒரு கதவும் திறந்திருந்து, நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்தால், அவன் கதை முடிந்தது. பல்வலி, கழுத்துப்பிடிப்பு, வாய் கோணிப்போவது, கல்யாணமாகிக் குழந்தை தங்காதது எல்லாமே அதனால்தான். வேகிற வெயிலில் பஸ்ஸில் ஒருவர் ஜன்னலைத் திறந்தால், மறுபக்க ஜன்னலை மூட நாலு பேர் எழுந்திருப்பார்கள். போர்க்காலத்தில் குண்டு விழுந்து கண்ணாடி போன வீடுகளில்கூட, குண்டு போட்டவனைவிட, உள்ளே வந்த குறுக்குக்காற்றைத்தான் எங்கள் ஜனங்கள் அதிகம் திட்டினார்கள்.

ஷெவ்கெட் தலையை மெதுவாக ஆட்டினார். "எங்க சித்தி," என்றார். "ஒரு சாயங்காலம். தலைக்குக் குளிச்சிட்டு ரெண்டு கதவுக்கு நடுவுல நின்னா. அவ்வளவுதான்."

"என் மாமாவுக்கு வாய் இன்னைக்கு வரைக்கும் இடது பக்கம்தான்," என்றார் ஸ்லாவ்கோ.

வின்கோ எழுந்து போய், மண்டபத்தின் மேல் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மற்ற இருவரும் அவரை நன்றியோடு பார்த்தார்கள். ஹசிபின் பதிலை ஏற்று ஓட்டெடுத்தார்கள்; கழகத்தின் வரலாற்றில் மூன்று கைகளும் ஒன்றாக உயர்ந்தது அன்றுதான். மிரெலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று சொல்கிறார்கள்.

மறு வாரம் கணக்கு வெளியானது. அழுக்குக் காற்றால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பு: எதுவும் இல்லை. குறுக்குக்காற்றால் ஏற்படும் இழப்பு: வருஷத்துக்கு எங்கள் நாணயத்தில் நூற்றெண்பது கோடி மார்க். அந்த மாதம் பேசும் முறை ஷெவ்கெட்டுக்கு. பத்திரிகையாளர்கள் முன்னால் அவர் சொன்னார்: "நம்ம நாட்டுக் காத்து மேல எந்தக் குத்தமும் இல்லைன்னு அறிவியல் சொல்லிடுச்சு. காத்து இருக்கிறதால யாருக்கும் கெடுதல் கிடையாது. அது நடமாடுறப்போதான் கெடுதல். தான் உண்டு தன் இடம் உண்டுன்னு இருக்கிற காத்தை இந்தக் கழகம் மதிக்குது."

கடன் கொடுக்கிறவர்கள் சார்பில் ஆன்னெலீஸ் என்று ஒரு டச்சுப் பெண் வந்தாள். கணக்கை மூன்று முறை படித்தாள். "இந்தக் குறுக்குக்காத்துங்கறது என்ன வாயு?" என்று கேட்டாள்.

"வாயு இல்லைங்க. சாதாரணக் காத்துதான். ஆனா குறுக்க போகும்," என்றார் ஸ்லாவ்கோ.

"எங்க ஊர்ல அதுக்காகத்தான் ஜன்னல் வைக்கிறோம்." அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். வாசல் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது மண்டபத்தில் யாரும் இல்லை. மூன்று டைரக்டர்களும் நடைபாதையில் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். வின்கோ பிடரியில் கையை வைத்திருந்தார். இவ்வளவு படித்தவர்கள் இப்படி ஓடுகிறார்கள் என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தவிர, அவள் ஊருக்கு ஒரு தொகையோடு திரும்பியாக வேண்டும். இங்கே ஒரு தொகை இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. சிறந்த நிறுவனத்துக்கான பதக்கத்தை யசெனிக் மின்நிலையத்துக்குக் கொடுத்தார்கள். அதன் புகை பள்ளத்தாக்கின் மேல் கனமாகப் படுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் காற்றை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதாம். விழாவில் மின்நிலையத்துப் பொறியாளர் பேசியது உருக்கமாக இருந்தது. "இத்தனை வருஷமா எங்களை எல்லாரும் வாய்க்கு வந்தபடி திட்டினாங்க. நாங்க என்ன செய்யறோம்னு எங்களுக்கே தெரியாமதான் செஞ்சிட்டிருந்தோம்," என்றார். அடுத்த வருஷம் இன்னும் கனமாகச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள், இடையிடையே இருமினார்கள்.

பிறகு ஜன்னல்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் மட்டுமே திறக்கலாம், மறுபக்கம் அடைக்கப்படும் என்று உத்தரவு வந்தது. ஹசிப் வீடுதான் மாதிரி வீடு. ஆட்கள் வந்து ஜன்னல்களின் விளிம்பில் நுரையை அடித்தார்கள், அது ஊதிப் பெருத்து மஞ்சளாகக் கெட்டிப்பட்டது. அதற்கு மேல் தகடு வைத்து ஆணி அடித்தார்கள். வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'குறுக்குக்காற்று இல்லாத முதல் இல்லம்'. பக்கத்து வீட்டு ஒஸ்மான் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க வீட்டை மட்டும் இவ்வளவு நல்லா அடைச்சிருக்காங்க. எங்க வீட்டுல ஏனோதானோன்னு அடைச்சிட்டுப் போயிட்டாங்க. சொல்ல வேண்டிய இடத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் ஹசிபின் கவுண்டர் ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். பயணிகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயை அசைத்தார்கள், அவர் இந்தப் பக்கம் உதட்டைப் பார்த்து டிக்கெட் கொடுத்தார். கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் வேறு ஊரில் போய் இறங்கி, அங்கே நடந்த இன்னொரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. யாரும் புகார் செய்யவில்லை. கவுண்டருக்கு உள்ளே கதகதப்பாக இருந்தது என்பதை ஹசிபும் ஒத்துக்கொண்டார்.

வீட்டில்தான் நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. அடுப்பைத் திறந்து நிலக்கரி போடும்போது வெளியே வரும் புகை முன்பெல்லாம் ஜன்னல் இடுக்கு வழியாக எப்படியோ போய்விடும். இப்போது போக வழி இல்லை. மேஜை மேல், திரைச்சீலை மேல், நசிஹா மேல் உட்கார்ந்தது. திறக்கலாம் என்று விட்ட ஒரே பக்கம் மின்நிலையத்தைப் பார்த்த பக்கம். அதைத் திறப்பதும் திறக்காததும் ஒன்றுதான். நசிஹாவால் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்காமல் நடக்க முடியவில்லை. கிண்டல் பேச்சும் நடுவில் நின்று நின்று வந்தது.

"நாட்டுக்கே... காரணம் சொன்ன மனுஷன்," என்றாள் ஒருநாள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. "பொண்டாட்டிக்கு ஒரு காரணம் சொல்லு பாப்போம்."

ஹசிப் அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் லெயிலா நசிஹாவின் முதுகில் வெகுநேரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். பிறகு ஹசிபைத் தனியாகக் கூப்பிட்டாள். "வீட்டுல ஒரு ஆக்ஸிஜன் மெஷின் வேணும். இல்லேன்னா இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாங்க. ஸ்டோர்ல ரெண்டு இருக்கு."

"அப்போ ஒண்ணு குடுங்க டாக்டர்."

"அழுக்குக் காத்தால வந்த நோய்க்குத்தான் அதைக் குடுக்கலாம். நாட்டுல அந்த நோய் இல்லையே." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அசதிதான் இருந்தது. "குறுக்குக்காத்துக்காரங்களுக்கு அரசாங்கம் கம்பளி உள்பனியன் குடுக்குது. வேணும்னா அளவு சொல்லுங்க."

"ஸ்டோர்ல சும்மாதானே கிடக்கு?"

"சும்மாதான் கிடக்கு. வாரா வாரம் தூசு தட்டுறோம்." டாக்டர் ஜன்னல் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே தகடு இருந்தது. "நீங்க மனசு வெச்சா நடக்கும். சொன்னது நீங்கதானே. போய்த் திருத்திச் சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா, மறுநாளே நான் மெஷினைக் குடுப்பேன்."

நசிஹா உள்பனியனை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, குத்தல," என்றாள்.

ஹசிப் மறுநாளே சரயேவோவுக்குப் போனார். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார். ஒரு வார்த்தைதான். 'புகை' என்று சொல்ல வேண்டும். கழகத்தின் வாசலில் அவருடைய பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. படத்தில் அவர் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, மூடிய ஜன்னலுக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார். காவலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

மூன்று டைரக்டர்களும் அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். புரெக் என்கிற இறைச்சி அடை வரவழைத்தார்கள். ஹசிப் சாப்பிடவில்லை.

"என் பதிலை வாபஸ் வாங்கிக்கணும் ஐயா," என்றார்.

"எந்தப் பதிலை?" என்றார் ஸ்லாவ்கோ.

"குறுக்குக்காத்துன்னு சொன்னேனே, அதை. எங்க ஊர்ல ஒரு புகைபோக்கி இருக்குங்க. அதையும் யோசிச்சுப் பாத்திருக்கணும். தப்பு என்னோடதுதான். புகைன்னு மாத்திக்கோங்க. என் பொண்டாட்டிக்கு மூச்சு வாங்குது. நீங்க மாத்திட்டா அவளுக்கு மெஷின் குடுப்பாங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையாகவே அவருக்காக வருத்தப்பட்டார்கள் என்றுதான் தோன்றியது. வின்கோ அவர் தோளில் கை வைத்தார். "ஹசிப், நீங்க ஒருத்தர் கிடையாது. முப்பது லட்சம் பேர். ஒருத்தர் மனசு மாறினா, சரி, மனுஷன்னா அப்படித்தான்னு விட்டுடலாம். முப்பது லட்சம் பேர் ஒரே நாள்ல மனசு மாறினா அதுக்குப் பேரு கலவரம். நான் போலீஸைக் கூப்பிடணும்."

"மின்நிலையத்துக்குக் குடுத்த பதக்கத்தை வேற திருப்பி வாங்கணும். அவங்க கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிட்டாங்க," என்றார் ஸ்லாவ்கோ.

"ஜன்னல் அடைக்கிற வேலையில எத்தனை குடும்பம் சாப்பிடுது தெரியுமா?" என்றார் வின்கோ. "நீங்க புகைன்னு சொன்னீங்கன்னா நாளைக்கு அத்தனை பேர் வேலையும் போகும். அதுவும் நாட்டுக்கு நஷ்டம்தானே. அந்த நஷ்டத்தை எதுல சேக்கறது? காத்துலயா, புகையிலயா?"

ஷெவ்கெட்தான் இளகினவர். மற்ற இருவரையும் கையமர்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹசிபுக்கு எதிரே உட்கார்ந்தார். "அண்ணே, அதிகாரியாக் கேக்கல, ஒரு மனுஷனாக் கேக்கறேன். குறுக்குக்காத்துல உக்காந்தா இருமல் வராதுன்னு சொல்றீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. வராதுன்னு சொன்னீங்கன்னா, அல்லா சத்தியமா, நான் இந்த ரெண்டு பேரையும் எதிர்த்து நிப்பேன்."

ஹசிப் வாயைத் திறந்தார். வராது என்று சொன்னால் போதும். நசிஹாவுக்காக அதைவிடப் பெரிய பொய் எல்லாம் சொல்லலாம். சொல்லத்தான் போனார். அந்த நேரம் பார்த்து மிரெலா காபித் தட்டோடு பின்கதவைத் திறந்தாள். முன்கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. ஹசிபின் பிடரியில் சில்லென்று பட்டது. அவர் ஒன்றும் நினைக்கவில்லை. கை தானாக எழுந்து கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டது.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக்கோ மிரெலா," என்றார் வின்கோ தணிந்த குரலில். "முப்பது லட்சம் பேரும் காலரைத் தூக்கினாங்க."

காபி குடிக்காமல் அனுப்ப மனமில்லாமல் குடிக்க வைத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது ஹசிப் இருமினார். மூவர் முகமும் மாறியது. மாதிரி வீட்டில் இருப்பவர் முன்பைவிட அதிகமாக இருமுகிறார் என்றால் எங்கிருந்தோ குறுக்குக்காற்று இன்னும் வருகிறது என்று அர்த்தம். மிரெலாவிடம் ஏதோ சொன்னார்கள். திரும்பும் பஸ்ஸில் ஹசிப் எதையும் யோசிக்கவில்லை. வெளியே பார்த்தார், யசெனிக் நெருங்கும் இடத்தில் சாலை எப்போதும் போலக் காணாமல் போனது, டிரைவர் எப்போதும் போல விளக்கைப் போட்டார். ரொட்டிக் கடையில் இறங்கி ரொட்டி வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாளில் கழகத்து ஆள் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கையை ஈரப்படுத்தி ஒவ்வோர் இடமாக நீட்டிப் பார்த்தான். கடைசியில் சாவித் துவாரத்தில் கண்டுபிடித்தான். "இதோ இருக்கு அண்ணே, நாட்டுக்கு வருஷத்துக்கு நாலு கோடி இது வழியாத்தான் போகுது," என்று சொல்லி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டுப் போனான். அதன் பிறகு கதவைப் பூட்ட முடியவில்லை. தாழ்ப்பாள்தான்.

நசிஹா இதையெல்லாம் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் படுப்பதில்லை, படுத்தால் மூச்சு வரவில்லை. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே இருந்தாள், கம்பளி உள்பனியனோடு. ஹசிப் சரயேவோவில் நடந்ததைச் சொல்லியிருந்தார், காலரைத் தூக்கியது உட்பட. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை.

"கதவு திறந்திருந்தா நீ என்ன பண்ணுவ," என்றாள். "நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன்."

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே இருட்டிவிட்டது. தெருவிளக்கு எரிந்தது, ஆனால் எங்கே எரிகிறது என்று தெரியவில்லை. ஹசிப் பஸ் நிலையத்திலிருந்து வந்தபோது நசிஹாவின் உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது, ஆனால் உள்ளே எதுவும் போகிற மாதிரி இல்லை. கூப்பிட்டார். அவள் விரலை மட்டும் அசைத்தாள்.

ஹசிப் கரி உடைக்கிற சுத்தியலை எடுத்தார். அடைத்த ஜன்னலுக்குப் போய்த் தகட்டின் ஓரத்தில் அடித்தார். தகடு கழன்றது. மஞ்சள் நுரையைக் கையாலேயே பிய்த்து எடுத்தார். கண்ணாடியை உடைத்தார். பிறகு ஓடிப்போய் எதிர்ப்பக்க வாசல் கதவை விரியத் திறந்தார். இப்படி அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அவர் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

காற்று வந்தது. மலைப்பக்கத்துக் காற்று, அங்கே கொஞ்சம் சுத்தமாக இருக்கும். ஜன்னல் வழியாக வந்து, சோபாவைக் கடந்து, வாசல் வழியாகப் போனது. அடுப்புப் புகை அதோடு சேர்ந்து வெளியே போவது கண்ணுக்குத் தெரிந்தது. திரைச்சீலை பல மாதங்களுக்குப் பிறகு அசைந்தது. நசிஹாவின் மார்பு ஒரு முறை நன்றாக ஏறி இறங்கியது. இன்னொரு முறை ஏறியது. அவள் கண் அவரைத் தேடிக் கண்டுபிடித்தது.

"பைத்தியக்காரா," என்றாள். குரல் தெளிவாக வந்தது, முன்பு மாதிரியே. "கதவை மூடு. குறுக்குக்காத்து அடிக்குது."

ஹசிப் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மூடு மனுஷா. உனக்கு வேற சளி பிடிச்சிருக்கு."

அவர் போய்க் கதவை மூடினார். திரைச்சீலை நின்றது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். கை கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.

மறுநாள் நசிஹாவுக்கு ஜனாஸா தொழுகையும் அடக்கமும். ஊர் முழுக்க வந்தது. சரயேவோவிலிருந்து மூன்று காரில் மூன்று டைரக்டர்களும் வந்தார்கள், மூவரும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்தபோது எல்லோருடைய கண்ணும் உடைந்த ஜன்னல் பக்கம்தான் போனது. யாரோ அதில் ஒரு போர்வையை மாட்டியிருந்தார்கள்.

"கண்ணாடி உடைஞ்சிருந்துச்சாமே," என்று ஒஸ்மான் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார். "வாசலும் திறந்து கிடந்துச்சாம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஷெவ்கெட் ஹசிபின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "அன்னைக்கே சொன்னீங்க அண்ணே. நீங்க சொன்னதுதான் சரி. அக்கா பேரைக் கழகத்து மண்டபத்துக்கு வெக்கப் போறோம்," என்றார். மிரெலா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். நசிஹா சராசரிக்கு மேல் இருமியவள் என்பதால் அவள் சாவை நாட்டின் இழப்பில் சேர்க்க முடியாது என்பதை மிரெலா அங்கே வைத்துச் சொல்லவில்லை, நாகரிகமானவள்.

ஹசிப் கேட்டுக்கொண்டிருந்தார். இருமினார். ஒரு முறை இருமி, நிற்காமல், குனிந்து மறுபடியும் இருமினார். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக வந்தவர் கதவைச் சரியாகச் சாத்தாமல் வந்திருந்தார். ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் ஹசிபே எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.